இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரைப் பகுதியில் தீவிர சிகிச்சை மருத்துவர் பயிற்சி: இன்றைய நிலையும் எதிர்காலத் தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

உயிருக்கு உடனடி ஆபத்து ஏற்பட்ட நிலையில் உள்ள நோயாளியின் உறுப்புகளைத் தாங்கிப் பிடித்து, மூலநோய் தீரும்வரை காலம் ஈட்டித் தருவது தீவிர சிகிச்சை மருத்துவம் ஆகும். இந்தியாவில் இத்துறைக்கான சிறப்புப் பயிற்சி பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரியைப் பெற்ற இராமநாதபுரம் மாவட்டத்தைக் களமாகக் கொண்டு, இப்பயிற்சி கடற்கரை மாவட்டம் ஒன்றில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோய்ச்சூழல், தொலைவு, கல்விக் கட்டமைப்பு, மொழி ஆகிய நான்கு கூறுகளின் அடிப்படையில் மூவடுக்குப் பயிற்சி முறை ஒன்று இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தீவிர சிகிச்சை, மருத்துவக் கல்வி, இராமநாதபுரம், கடற்பாம்புக் கடி, செயற்கைச் சுவாசம், மாவட்ட உறைவிடப் பயிற்சி, மருத்துவத் தமிழ்

1. முன்னுரை

இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு மேலும் 110 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். தீவில் ஒருவருக்கு மூச்சு நின்றுபோகும் நிலை ஏற்பட்டு, அவருக்கான உயர்சிகிச்சை மதுரையில்தான் உண்டு என்றால், இடைப்பட்ட மூன்று மணி நேர அளவிலான பயணத்தில் அவரை உயிரோடு வைத்திருப்பவர் யார் என்ற வினா எழுகிறது. தீவிர சிகிச்சைப் பயிற்சி பற்றிய விவாதம் இப்பகுதியைப் பொறுத்தவரை இவ்வினாவிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

1988 அக்டோபர் 2ஆம் நாள் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே தொடர்வண்டிப் பாலமே நிலையான இணைப்பாக இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அப்பாலமும் சிதைந்து, தீவு துண்டிக்கப்பட்டது. இன்று சாலைப் பாலமும் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தொடர்வண்டிப் பாலமும் உள்ளன. எனினும் கடும்புயலின்போது போக்குவரத்து நிறுத்தப்படக்கூடும் என்பதால், தீவுக்குள்ளேயே சில மணி நேரமாவது நோயாளியைத் தாங்கும் திறன் இருக்க வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

2. ஆய்வுச் சிக்கலும் எல்லையும்

2022 சனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கிவைக்கப்பட்டன. இவற்றின் வாயிலாக 1450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று 100 இடங்களைக் கொண்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆகும். நிதி ஆயோக் 2018இல் வகுத்த வளர்ச்சி வேட்கை மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும் மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 13.5 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

கல்லூரி வந்துவிட்டமையால் தீவிர சிகிச்சை வல்லுநரும் வந்துவிடுவார் எனக் கருத இயலாது. 2022 தொடக்கத்தில் சேர்ந்த முதல் அணியினர் நான்கரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் முடிக்க 2027 ஆகும். அவர்களுள் ஒருவர் இடைவெளியின்றி மூன்றாண்டு எம்.டி., மூன்றாண்டு டி.எம். ஆகியவற்றை முடித்தாலும் 2033க்கு முன் தீவிர சிகிச்சை வல்லுநராக இயலாது. அவ்வாறு ஆனபின் அவர் இம்மாவட்டத்திற்குத் திரும்புவார் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே, வல்லுநரை உருவாக்குவது மட்டுமே பயிற்சியின் இலக்கா அல்லது வல்லுநர் வரும்வரையிலும், வந்தபின்னரும், நோயாளியைத் தாங்கக்கூடிய மருத்துவர் அணியை உருவாக்குவது இலக்கா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

பொதுவெளியில் உள்ள சட்டங்கள், கல்வி ஒழுங்குமுறைகள், மருத்துவ வரலாற்றுச் செய்திகள், வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வுகள் ஆகியவற்றை இக்கட்டுரை அடிப்படையாகக் கொள்கிறது. குறிப்பிட்ட மருத்துவமனை எதனையும் மதிப்பிடுவது இதன் நோக்கமன்று.

3. தீவிர சிகிச்சையின் தோற்றம் உணர்த்துவது

தீவிர சிகிச்சை மருத்துவத்தின் தொடக்கத்தை வரலாற்றாசிரியர்கள் 1952இல் டென்மார்க்கின் கோபன்கேகன் நகரில் பரவிய இளம்பிள்ளை வாதக் கொள்ளைநோயுடன் இணைத்துக் கூறுவர். அந்நகரின் பிளெக்தாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சுத்தசை செயலிழந்த 31 நோயாளிகளுள் 27 பேர் இறந்தனர். மயக்க மருத்துவரான பியோன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையை ஒரு சிறுமியிடம் செய்து காட்டினார். அறுவை அரங்கில் வழக்கமாக இருந்த அம்முறை நோயாளிப் படுக்கைக்கு வந்தது. இறப்பு விகிதம் படிப்படியாகக் குறைந்து, நால்வரில் ஒருவர் என்ற அளவை நெருங்கியது.

அம்மருத்துவமனையிடம் அப்போது போதிய சுவாசக் கருவிகள் இல்லை. ஏறத்தாழ 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். 1953 டிசம்பரில் இப்சன் அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில் தனித் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்நிகழ்விலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, இத்துறை கருவியிலிருந்து பிறந்ததன்று. ஒரு திறனைப் பலருக்குக் கற்பித்ததிலிருந்து பிறந்தது. இரண்டாவது, அத்திறனை ஏந்தியவர்கள் வல்லுநர்கள் அல்லர். வல்லுநர் ஒருவரின் மேற்பார்வையில் இயங்கிய மாணவர்கள்.

கருவி மட்டும் போதாது என்பதை அண்மைக்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. கடும் சுவாச நெருக்கடி நோய்த்தொகுதிக்கு ஆளான 861 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்றாகும். ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடைக்கணக்கில் கிலோகிராமுக்கு 12 மில்லிலிட்டர் காற்றைச் செலுத்தியபோது 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். அதனை 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது இறப்பு 31 விழுக்காடாகக் குறைந்தது. இரு பிரிவினருக்கும் பயன்பட்டது செயற்கைச் சுவாசக் கருவியே. அதனை இயக்கிய முறையே வேறுபட்டது. பயிற்சியற்ற கையில் வென்டிலேட்டர் நுரையீரலைச் சிதைக்கும் கருவியாகவும் மாறக்கூடும் என்பது இதன் பொருள்.

4. இந்தியாவில் பயிற்சிக் கட்டமைப்பு

இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 1993இல் மும்பையில் தோற்றுவிக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டங்கள் பரவலாவதற்கு முன்பே, முதுகலை முடித்தோருக்கான பட்டயப் பயிற்சியை இச்சங்கம் நடத்தத் தொடங்கியது. இன்று மூன்று வழிகள் உள்ளன. பல்கலைக்கழகங்கள் வழங்கும் டி.எம்., தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.ஆர்.என்.பி., சங்கத்தின் பட்டயங்கள் என்பன அவை. முதலிரண்டும் மயக்கவியல், பொது மருத்துவம் முதலிய துறைகளில் முதுகலை முடித்தோர் மேற்கொண்டு மூன்றாண்டுகள் பயில்வன.

பிற நாடுகள் வேறு வழிகளையும் கண்டுள்ளன. ஆத்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 2010 முதல் தீவிர சிகிச்சை மருத்துவத்திற்கெனத் தனிக் கல்லூரி இயங்குகிறது. அங்கு இது வேறொரு துறையின் கிளையாகவன்றித் தனித்துறையாகவே பயிற்றுவிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் 2006இல் வகுக்கப்பட்ட கோபாட்ரைஸ் திட்டம், பயிற்சியாளர் எத்தனை ஆண்டு பயின்றார் என்பதைவிட என்ன செய்யத் தெரிந்துள்ளார் என்பதை அளவுகோலாக்கியது. 102 திறன்கள் அதில் பட்டியலிடப்பட்டன. இந்தியாவில் இளநிலை மருத்துவக் கல்வியில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டமும் இதே கருத்தியலைக் கொண்டதாகும்.

கடற்கரை மாவட்டங்களுக்குப் பயன்படத்தக்க மூன்று ஏற்பாடுகள் ஏற்கெனவே ஒழுங்குமுறைகளில் உள்ளன. முதலாவது, மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டமாகும். 2020இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின்படி முதுகலை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்டப் பொதுச் சுகாதார அமைப்பில் பணியாற்ற வேண்டும். இரண்டாவது, பணியில் உள்ள அரசு மருத்துவர்களுக்கான இடஒதுக்கீடு. முதுகலைப் படிப்பில் இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 31இல் தீர்ப்பளித்தது. உயர்சிறப்புப் படிப்புகளில் அரசுக் கல்லூரி இடங்களில் 50 விழுக்காட்டைப் பணியிலுள்ளோருக்கு ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் ஆணை வெளியிட்டது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதனைச் செயல்படுத்த இடைக்கால அனுமதி அளித்தது. மூன்றாவது, இந்தியச் செவிலியர் மன்றம் 2016இல் அறிமுகப்படுத்திய தீவிர சிகிச்சைச் செவிலியர் வல்லுநர் என்னும் ஈராண்டு முதுகலை உறைவிடப் படிப்பு. இம்மூன்றையும் தனித்தனியே நோக்காமல் ஒரு மாவட்டத்தின் தேவையோடு பொருத்திக் காணும்போதே இவற்றின் பயன் புலப்படும்.

5. கடற்கரையின் நோய்ச்சூழல்

பாடநூல் பொதுவானது, நோய்ச்சூழல் இடத்திற்கு இடம் மாறுவது. இராமநாதபுரம் கடற்கரையில் தீவிர சிகிச்சையை நாடி வரக்கூடிய நோயாளிகளை நான்கு வகையினராகப் பகுக்கலாம்.

5.1 கடல்சார் நச்சும் நீரில் மூழ்குதலும்

வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடற்பாம்பு கடிப்பது மீனவர் எதிர்கொள்ளும் ஆபத்துகளுள் ஒன்று. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. சில மணி நேரத்திற்குள் உடல்தசைகளில் கடும்வலி தோன்றும், சிறுநீர் கருமையாகும், மூச்சுத்தசைகள் தளரும். சிதைந்த தசையிலிருந்து வெளியாகும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தவும், தசைப்புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவும் வல்லவை.

இந்தியாவில் கிடைக்கும் பல்நச்சு முறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகவே உருவாக்கப்படுகிறது. கடற்பாம்பின் நஞ்சு இதில் அடங்காது. எனவே கடற்பாம்புக் கடிக்கு இங்குள்ள மருத்துவம் என்பது முழுமையாகத் தீவிர சிகிச்சையே. பொட்டாசியத்தைக் கண்காணித்தல், நீர்ச்சத்தைப் பேணல், தேவையெனில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, செயற்கைச் சுவாசம் ஆகியவற்றால் உறுப்புகளைத் தாங்கிப் பிடித்தால் நஞ்சு தானே நீங்கும் வாய்ப்பு உண்டு. இதனை அறியாத மருத்துவர், கடிவாயில் வீக்கமில்லை என்பதால் நோயாளியை வீட்டிற்கு அனுப்பிவிடக்கூடும். பெருநகரப் பயிற்சியில் அரிதாகவே காணக்கூடிய இந்நோயாளியை அடையாளம் காணும் கல்வி, கடற்கரையில்தான் கிடைக்கும்.

திருக்கை முள் குத்துதல், சொறி எனப்படும் இழுதுமீன் தீண்டுதல், பாசி சேகரிக்கும் பெண்களுக்கும் சங்கு குளிப்போருக்கும் நேரும் நீர்மூழ்கல் ஆகியனவும் இவ்வகையுள் அடங்கும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு. கரையிலும் ஆம்புலன்சிலும் முதல் சில நிமிடங்களில் செய்யப்படுவதே பின்னர் மூளையின் நிலையைத் தீர்மானிக்கிறது.

5.2 வேளாண் நிலத்தின் நச்சுகள்

மாவட்டத்தின் உட்பகுதி வானம் பார்த்த பூமி. முதுகுளத்தூர், கமுதி, திருவாடானை வட்டங்களில் பாம்புக்கடியும் பூச்சிமருந்து நச்சும் வேளாண் வாழ்வோடு இணைந்த ஆபத்துகள். கட்டுவிரியன் கடித்தவர் காலையில் கண்ணிமை தூக்க இயலாமல் வருவார். நண்பகலுக்குள் மூச்சு நிற்கக்கூடும். முறிவு மருந்தோடு மூச்சையும் தாங்கினாலே அவர் பிழைப்பார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இதனால் கிடைக்கும் தரவு, பயிற்சி எங்கு தேவை என்பதைக் காட்டும் வரைபடமாகவும் பயன்படலாம்.

கரிமப் பாசுபரசு நச்சில் அட்ரோபின் மருந்தின் அளவை நூலைப் பார்த்து நிர்ணயிக்க இயலாது. நுரையீரலின் ஈரம் வற்றுகிறதா, நாடித்துடிப்பு உயர்கிறதா என்று படுக்கையருகே நின்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்து அளவை இரட்டிப்பாக்க வேண்டும். இதற்கான அறிவில் பெரும்பகுதி இலங்கையின் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளால் கிடைத்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் ஊர்ப்புற மருத்துவமனைகள் உலகுக்கு அறிவு வழங்கும் இடங்களாக மாறியமை, இராமநாதபுரத்திற்கும் பொருந்தத்தக்க முன்மாதிரியாகும்.

5.3 சாலை விபத்துகள்

மதுரை – இராமேசுவரம் நெடுஞ்சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் சுற்றுலா, சரக்கு வாகனங்கள் மிகுந்தவை. 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்சு சேவையும், 2021 டிசம்பர் 18இல் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் விபத்தில் சிக்கியவரை விரைவில் மருத்துவமனை சேர்ப்பதையும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவையும் உறுதிசெய்கின்றன. செலவுத் தடை நீங்கிய பின்னர் எஞ்சி நிற்பது திறன்தடையே.

5.4 திருத்தலப் பயணிகள்

இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் அக்னி தீர்த்தக் கடலிலும் நீராட வருவோருள் முதியோர் பலர். நீண்ட பயணம், உறக்கமின்மை, உண்ணாநோன்பு, தவறவிட்ட மாத்திரை ஆகியவை இதயநோயும் நீரிழிவும் உடையோரை எளிதில் நெருக்கடிக்கு ஆளாக்குகின்றன. ஆடி, தை அமாவாசை நாட்களில் தீவின் மக்கள்தொகை பன்மடங்காகிறது. முன்மருத்துவக் குறிப்பு இல்லாத, தமிழ் அறியாத நோயாளியிடமிருந்து செய்தி பெறுவதும் இங்குப் பணியாற்றும் மருத்துவரின் அன்றாடத் திறனாக அமைய வேண்டியுள்ளது.

6. படுக்கையும் பயிற்சியும்

கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின் நாடெங்கும் ஆக்சிசன் வசதியும் வென்டிலேட்டர்களும் பெருகின. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஆயுசுமான் பாரத் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கம், ஐந்து இலட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாவட்டங்களில் 50 முதல் 100 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைக் கட்டடங்களை அமைக்க வகைசெய்கிறது. கட்டடத்திற்கு நிதியாண்டு உண்டு. ஒப்பந்தக் காலம் உண்டு. மருத்துவர் உருவாவதற்கு அத்தகைய குறுகிய கால அட்டவணை இல்லை. படுக்கை ஈராண்டில் வருகிறது. அதனை நடத்தும் வல்லுநர் உருவாக எம்.பி.பி.எஸ். முதல் கணக்கிட்டால் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இவ்விடைவெளியில் படுக்கையை யார் நடத்துவது என்பதற்கான விடை திட்ட ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும்.

இத்தகைய இடைவெளியை இந்தியா முன்பும் எதிர்கொண்டுள்ளது. மகப்பேற்று அறுவைக்கு மயக்க மருத்துவர் இல்லாத இடங்களில் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வார உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பயிற்சி மயக்க மருத்துவருக்கு மாற்றாகக் கருதப்படவில்லை. வரையறுத்த பணியை, வரையறுத்த எல்லைக்குள் செய்யும் உரிமையாகவே வழங்கப்பட்டது. பயிற்சி பெற்றவர் அத்திறன் தேவைப்படும் மருத்துவமனையிலேயே அமர்த்தப்படாவிடில், பழக்கமின்றித் திறன் தேய்ந்துவிடும் என்பது அத்திட்டத்தின் இயல்பிலிருந்தே உணரக்கூடிய பாடம்.

7. முன்வைக்கப்படும் மூவடுக்குப் பயிற்சி முறை

7.1 முதல் அடுக்கு: அனைத்து மருத்துவர்க்குமான இன்றியமையாத் திறன்

2021இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று, எந்த மருத்துவமனையிலும் எந்த நோயாளிக்கும் கிடைக்க வேண்டிய இன்றியமையா அவசர, தீவிர சிகிச்சை என 40 செயல்முறைகளை வரையறுத்தது. மூச்சுப்பாதையைத் திறத்தல், ஆக்சிசன் அளித்தல், நிலைமாற்றிப் படுக்கவைத்தல், நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சுவாச எண்ணிக்கையையும் அளந்து அபாயக் குறியை உணர்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். இவற்றுள் பலவற்றுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, கடலாடி எனக் கடற்கரை நெடுகிலும் பணியாற்றும் மருத்துவர், செவிலியர், ஆம்புலன்சு பணியாளர் அனைவருக்கும் இவ்வடுக்குப் பயிற்சி ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். உள்ளுறைப் பயிற்சி மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் 108 ஆம்புலன்சிலும் பணியாற்றிய பின்னரே வெளிவருதல் நலம்.

7.2 இரண்டாம் அடுக்கு: மாவட்டத் தீவிர சிகிச்சை மருத்துவர்

பணியிலுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கும், மயக்கவியல், பொது மருத்துவ முதுகலையினருக்கும் உரிய ஆறு மாத அளவிலான சான்றிதழ்ப் பயிற்சியாக இது அமையலாம். வென்டிலேட்டரைத் தொடங்கி 24 மணி நேரம் பாதுகாப்பாக நடத்துதல், அதிர்ச்சி நிலையை மீட்டல், நச்சு மேலாண்மை, நோயாளியை ஆபத்தின்றி இடம்மாற்றுதல் ஆகிய நான்கு திறன்களை இதன் மையமாகக் கொள்ளலாம். பயிற்சியின் ஒரு பகுதி மதுரையிலும் மறுபகுதி இராமநாதபுரத்திலும் நடைபெற வேண்டும். மாவட்ட உறைவிடப் பயிற்சிக்கு வரும் முதுகலை மாணவர்களை இப்பிரிவில் அமர்த்தினால், அவர்கள் கடற்கரையின் நோய்ச்சூழலைக் கற்பர். உள்ளூர் மருத்துவர் அவர்களிடமிருந்து புதிய முறைகளைக் கற்பர்.

7.3 மூன்றாம் அடுக்கு: ஆசிரியராகும் வல்லுநர்

டி.எம். முடித்த வல்லுநர் ஒருவர் தனித்து ஒரு மாவட்டத்தில் அமர்த்தப்பட்டால், 24 மணி நேரமும் அவரே பொறுப்பு என்ற சுமையால் விரைவில் விலகுவார். அவரை மருத்துவக் கல்லூரியின் ஆசிரியராகவும் முதலிரு அடுக்குகளின் பொறுப்பாளராகவும் அமர்த்தி, இரவுப்பணியை இரண்டாம் அடுக்கினர் ஏற்றால் அவர் நிலைக்க வழியுண்டு. பணியிலுள்ளோர் ஒதுக்கீட்டில் டி.எம். பயில்வோருக்கு, திரும்பிவந்து கற்பிக்க வேண்டிய இடம் சேர்க்கையின்போதே அறிவிக்கப்படுவது இதற்குத் துணைசெய்யும். தொலைவழித் தீவிர சிகிச்சை, அதாவது மதுரையிலோ சென்னையிலோ உள்ள வல்லுநர் திரைவழி நோயாளியைப் பார்த்து வழிகாட்டுதல், இம்முறையைத் தாங்கும் துணையாகலாம். ஆனால் திரைக்கு இப்புறம் குழாய் செருகத் தெரிந்த கை இல்லாவிடில் அவ்வழிகாட்டல் பயனற்றது.

8. படுக்கையருகே மொழி

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி பெரும்பாலும் பேசும் நிலையில் இருப்பதில்லை. முடிவுகள் குடும்பத்தாருடன் நடக்கும் உரையாடலில் எடுக்கப்படுகின்றன. ஆதலின் மொழி இத்துறையில் ஒரு சிகிச்சைக் கருவியாகவே செயல்படுகிறது. மருத்துவர் ஆங்கிலத்தில் கற்று, குடும்பத்தாரிடம் தமிழில் பேச வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான பாலம் பாடத்திட்டத்தில் முறையாகக் கற்பிக்கப்படுவதில்லை. இளநிலைப் பாடத்திட்டத்தில் 2019 முதல் இணைக்கப்பட்ட மனப்பாங்கு, அறவியல், உரையாடல் திறன் பாடக்கூறு இதற்கு இடமளிக்கிறது. தமிழில் அதற்கான பயிற்சிப் பனுவல்கள் தேவை.

‘மிசின் வைத்திருக்கிறார்கள்’ என்ற பேச்சு வழக்கை எடுத்துக்கொள்வோம். உறவினர் சிலருக்கு அது ‘இனிக் கவலையில்லை’ என்றும், வேறு சிலருக்கு ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்றும் பொருள்படும். கட்டுவிரியன் கடித்தவருக்கு வென்டிலேட்டர் என்பது சில நாள் ஊன்றுகோல்; முற்றிய புற்றுநோயருக்கு அது வேறு. இரண்டையும் ஒரே தொடரால் விளக்கும்போது, பிழைக்கக்கூடியவரைக் குடும்பத்தார் வீட்டிற்கு அழைத்துச் செல்லவும், மீள இயலாதவருக்காக நிலத்தை விற்கவும் நேர்கிறது.

நல்ல கலைச்சொல் மக்கள் வழக்காக முடியும் என்பதற்கு ‘மூளைச்சாவு’ என்ற சொல் சான்று. 2008இல் தமிழ்நாட்டில் உறுப்புக்கொடைத் திட்டம் உருப்பெற்றபின் இச்சொல் நாளிதழ்கள் வழியாக ஊர்தோறும் சென்றது. ஆனால் சொல் பரவிய அளவுக்கு அதன் பொருள் தெளிவடைந்ததா என்பது வினாவே. நினைவிழந்த நிலைக்கும் மூளைச்சாவுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய தமிழில் விளக்குவது தீவிர சிகிச்சை மருத்துவரின் தேர்வுக்குரிய திறனாக வேண்டும்.

உயிர்தாங்கு சிகிச்சையை விலக்கிக்கொள்வது பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் அளித்த தீர்ப்பும், 2023 சனவரியில் செய்த திருத்தமும் இதனோடு இணைந்தவை. முதனிலை மருத்துவக் குழுவில் இடம்பெறும் வல்லுநருக்கு முன்பு 20 ஆண்டு அனுபவம் தேவைப்பட்டது. திருத்தத்தின்பின் ஐந்தாண்டு போதும். ஐந்தாண்டு அனுபவமுள்ள வல்லுநர்கள் இல்லாத மாவட்டத்தில் குடிமக்களின் இவ்வுரிமையும் ஏட்டளவிலேயே நிற்கும்.

தமிழில் மருத்துவம் கற்பித்த முன்மாதிரி இக்கடலின் மறுகரையிலேயே உள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். 60க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்றனர். இன்றைய உயர்சிறப்புப் படிப்பைத் தமிழில் நடத்துவதா என்பது தனி விவாதம். ஆனால் முதல் அடுக்குப் பயிற்சியைத் தமிழில் நடத்தத் தடையேதுமில்லை. ஆம்புலன்சு பணியாளரும் செவிலியரும் மீனவ இளைஞரும் ஒருங்கே அமர்ந்து கற்க வேண்டிய பயிற்சிக்குத் தமிழே இயல்பான ஊடகம்.

9. மறுப்புகளும் அவற்றின் வலுவும்

குறுகிய காலப் பயிற்சி இரண்டாந்தர மருத்துவத்தை ஊர்ப்புறத்தில் நிலைநிறுத்திவிடும் என்ற மறுப்பு வலுவானது. நகரத்தாருக்கு வல்லுநர், கடற்கரையாருக்குச் சான்றிதழ் மருத்துவர் என்ற ஏற்பாடு நிலையானால் அது நீதியன்று. இதனைத் தவிர்க்க, இரண்டாம் அடுக்கு மூன்றாம் அடுக்கின் மேற்பார்வையிலேயே இயங்க வேண்டும். அதன் பணி எல்லை எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். அங்குப் பெற்ற அனுபவம் உயர்கல்விச் சேர்க்கையில் மதிப்பெண்ணாக ஏற்கப்பட வேண்டும்.

நோயாளி எண்ணிக்கை குறைந்த இடத்தில் திறன் வளராது என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. மதுரையுடன் சுழற்சிமுறைப் பயிற்சி பரிந்துரைக்கப்படுவது இதனாலேயே. எனினும் கடற்பாம்புக் கடி, நீர்மூழ்கல் போன்றவற்றில் கடற்கரையே மிகுந்த அனுபவம் தரும் களம். கற்போர் திசை இருபுறமும் அமைய வேண்டும்.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்பட்ட கருத்துகள் பின்வருமாறு:

• தீவிர சிகிச்சை என்பது ஓர் அறையின் பெயரன்று. கடற்கரையில் தொடங்கி ஆம்புலன்சு, வட்ட மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை, மதுரை எனத் தொடரும் பணி அது. பயிற்சியும் அத்தொடர் முழுவதற்கும் அமைய வேண்டும்.

• கட்டடமும் கருவியும் வரும் வேகத்திற்கும் வல்லுநர் உருவாகும் வேகத்திற்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியை நிரப்ப வரையறுக்கப்பட்ட இடைநிலைப் பயிற்சி தேவை.

• மாவட்ட உறைவிடப் பயிற்சி, பணியிலுள்ளோர் ஒதுக்கீடு, செவிலியர் வல்லுநர் படிப்பு ஆகிய ஏற்பாடுகளை மாவட்டத் தேவையோடு இணைத்தாலே மூவடுக்கு முறையின் பெரும்பகுதி நிறைவேறும்.

• கடற்பாம்புக் கடி முதலிய வட்டார நோய்கள் பாடத்திட்டத்தின் ஓரத்தில் இருப்பவை. இம்மாவட்டக் கல்லூரி அவற்றைத் தன் மையப் பாடமாக்கிக்கொள்ளலாம்.

• குடும்பத்தாருடனான தமிழ் உரையாடல் மருத்துவத் திறனாக மதிப்பிடப்பட வேண்டும். இதற்கான பனுவல்களை உருவாக்குவதில் தமிழ்த்துறை ஆய்வாளர்களும் மருத்துவ ஆசிரியர்களும் கூட்டாக இயங்க இடமுண்டு.

2027இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் முதல் அணி வெளிவரும். பாம்பனுக்கு அப்பால் மூச்சு திணறும் ஒரு மீனவருக்கு அவர்களுள் ஒருவரே முதல் மருத்துவராக அமையக்கூடும். அவர் எவற்றைக் கற்று வெளிவர வேண்டும் என்பதை இப்போதே வரையறுப்பது மருத்துவக் கல்வித்துறையின் கடமையாகும்.